சிவப்பு எழுத்து வராத பிழைகள்

பைத்தான் கற்கத் தொடங்கும் பி.காம். மாணவர்களிடம் ஒரு சொத்து இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களிடம்கூட அது கிடையாது. ஆனால் அது தங்களிடம் இருப்பதே பி.காம்.காரர்களுக்குத் தெரியாது. அந்தச் சொத்தின் பெயர் இருப்பாய்வு.

பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் எல்லோரும் படித்ததுதான். இருப்பாய்வு பொருந்தவில்லை என்றால் எங்கோ பிழை இருக்கிறது, தேட வேண்டும். சரி, பொருந்திவிட்டால்? "கணக்கு சரி" என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. ஒரு விற்பனையைக் குறிப்பேட்டில் எழுதவே மறந்திருந்தால் பற்று, வரவு இரண்டு பக்கமும் சமமாகத்தான் குறையும். இருப்பாய்வு அழகாகப் பொருந்தும். மிஷின் வாங்கிய காசை ரிப்பேர் செலவில் எழுதினாலும் பொருந்தும். பற்றில் ஓரிடத்தில் நூறு ரூபாய் கூட, வரவில் வேறெங்கோ நூறு ரூபாய் கூட என்று இரண்டு தப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டாலும் பொருந்தும். விடு பிழை, விதிப் பிழை, ஈடுசெய் பிழை என்று பெயர் பெயராக மனப்பாடம் செய்து எழுதிய விஷயம். இருப்பாய்வு காட்டிக்கொடுக்கும் பிழை ஒரு வகை, காட்டிக்கொடுக்காத பிழை இன்னொரு வகை.

பைத்தானிலும் பிழைகள் இந்த இரண்டே வகைதான். புதிதாக வருபவர்கள் பயந்து ஓடுவது முதல் வகையைப் பார்த்து. மாட்டிக்கொள்வது இரண்டாவது வகையில்.

2019இல் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திட்டம் மாறியபோது கணினி அறிவியல் புத்தகத்துக்குள் பைத்தான் வந்தது. (அதே 2019 நவம்பர் 26ஆம் தேதிதான் கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. மாவட்டத்துக்கும் பாடத்துக்கும் ஒரே வயசு.) வணிகவியல் பிரிவில் கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர்களுக்குப் புதுப் புத்தகத்தில் கிடைத்தது பிஎச்பி. ஆகவே காமர்ஸ்காரர்கள் பைத்தானை முதல்முதலில் பார்ப்பது பெரும்பாலும் கல்லூரிக்கு வந்த பிறகு. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வகுப்பாக இருக்கலாம், சான்றிதழுக்காகச் சேர்ந்த ஆன்லைன் வகுப்பாக இருக்கலாம், "டேட்டா அனலிடிக்ஸ் படிச்சா வேலை கிடைக்கும்" என்று சீனியர் சொன்னதாக இருக்கலாம்.

கல்வராயன்மலையில் வெள்ளிமலைப் பக்கத்து ஊரிலிருந்து, கோமுகி அணையும் கச்சிராயபாளையமும் தாண்டி, கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து பி.காம். படிக்கிற ஒரு பெண்ணை வைத்துக்கொண்டால் விஷயம் எளிதாகப் புரியும். வீட்டில் மரவள்ளி. கிழங்கு மலையிலிருந்து இறங்கி ஆத்தூர், சேலம் பக்கத்து சேகோ ஆலைகளுக்குப் போகிறது. எடை ஒரு கணக்கு, மாவுச்சத்துப் பாயிண்ட் ஒரு கணக்கு, வண்டி வாடகை ஒரு கணக்கு. வீட்டில் லேப்டாப் இல்லை, போன்தான். அதில் பைட்ராய்டு மாதிரி ஒரு செயலியை இறக்கிக்கொண்டால் மலையில் சிக்னல் இல்லாத நேரத்திலும் நிரல் ஓடும். வீட்டுக் கிழங்குக் கணக்கைப் பைத்தானில் போட்டுப் பார்க்கலாம் என்று அவள் உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் வரியிலேயே சிவப்பு எழுத்து. காரணம், போன் கீபோர்டு. வரியின் முதல் எழுத்தை அது தானாகவே பெரிய எழுத்தாக மாற்றிவிடுகிறது. பைத்தானுக்குச் சின்ன எழுத்து 'பிரிண்ட்' வேறு, பெரிய எழுத்தில் தொடங்கும் 'பிரிண்ட்' வேறு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத மொழியில் வளர்ந்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அடுத்தது மேற்கோள் குறி. வேர்டு ஃபைலில் யாரோ தட்டி அனுப்பிய நிரலை ஒட்டினால் அதில் மேற்கோள் குறி வளைந்து அழகாக இருக்கும். பைத்தானுக்கு அந்த அழகு பிடிக்காது, நேர்க்கோடாக நிற்கும் குறிதான் வேண்டும். பாடப்புத்தக பிடிஎஃபிலிருந்து நகல் எடுத்தால் வரி முன்னால் இருந்த இடைவெளி காணாமல் போயிருக்கும். பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகம் என்றால் அடைப்புக்குறி இல்லாத பிரிண்ட் இருக்கும். அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது.

இடைவெளி விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற மொழிகளில் 'இங்கே தொடக்கம், இங்கே முடிவு' என்று காட்ட நெளிவு அடைப்புக்குறி இருக்கும். பைத்தானில் வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறதோ அதுதான் அர்த்தம். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் ஆய்வு மையம் ஒன்றில் வேலை பார்த்த கைடோ வான் ராசம் 1989 டிசம்பரில் இந்த மொழியை எழுதத் தொடங்கினார், 1991இல் வெளியிட்டார். அதற்கு முன் அவர் வேலை செய்த ஏபிசி என்ற கற்பித்தல் மொழியிலிருந்து வந்த பழக்கம் இது. (பெயரும் மலைப்பாம்பிலிருந்து வந்ததில்லை, மான்டி பைத்தான் என்ற இங்கிலாந்துக் காமெடிக் குழுவிலிருந்து வந்தது.) ஒரு வரியில் டேப், அடுத்த வரியில் ஸ்பேஸ் என்று கலந்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும், பைத்தான் ஒத்துக்கொள்ளாது. நாலு ஸ்பேஸ் என்று பழகிவிட்டால் ஒரு வாரத்தில் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

இதெல்லாம் சத்தம் போடுகிற பிழைகள். சத்தம் போடுவது நல்லது. எந்த வரி என்று எண் சொல்லி, என்ன வகைப் பிழை என்றும் சொல்லி நிரல் நின்றுவிடுகிறது. இங்கே பெரிய சிக்கல் படிக்கிற முறைதான். பத்து வரி ஆங்கிலத்தில் சிவப்பாக விழுந்ததும் மேலிருந்து படிக்கத் தொடங்கி, மூன்றாவது வரியில் "நமக்கு இது வராது" என்று மூடிவைத்துவிடுகிறார்கள். கீழே இருந்து படிக்க வேண்டும். கடைசி வரியில்தான் பிழையின் பெயர் இருக்கும். அதற்கு மேலே எந்த வரியில் நடந்தது என்று இருக்கும். தொடக்கத்தில் வருகிற பெயர்கள் ஏழெட்டுதான்: சின்டாக்ஸ், இன்டென்டேஷன், நேம், டைப், வேல்யூ, இன்டெக்ஸ், கீ. 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பிலிருந்து செய்திகளும் நன்றாகவே மாறியிருக்கின்றன. அடைப்புக்குறியைத் திறந்து மூடாமல் விட்டால் "இதை மூடவேயில்லை" என்று அந்தக் குறியையே காட்டுகிறது. பெயரைத் தப்பாக அடித்தால் "இதையா சொல்ல வந்தாய்?" என்று கேட்கிறது.

ஆங்கிலம்தான் தடையா? பாதி ஆமாம். முத்து அண்ணாமலை 2007இல் தொடங்கி 2013இல் வெளியிட்ட எழில் மொழி இந்தப் பாதிக்காகத்தான். அதில் பிரிண்டுக்குப் பதில் 'பதிப்பி', நிபந்தனைக்கு 'ஆனால்', 'இல்லை', கடைசியில் 'முடி'. எழில் ஓடுவதே பைத்தானின் மேல்தான். 'முடி' என்ற சொல் இருப்பதால் இடைவெளித் தொல்லையும் அதில் கிடையாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நிரல் என்றால் என்ன என்று காட்ட அதைவிட நல்ல வழி தமிழில் இல்லை. ஆனால் பைத்தானின் சொந்தச் சொற்கள் மொத்தம் 35. தமிழின் 247 எழுத்தைக் கற்றவர்களுக்கு 35 சொல் ஒரு மலையில்லை. கணியம் போன்ற தளங்களில் தமிழிலேயே பாடங்கள் இருக்கின்றன. மாறிகளின் பெயரையும் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். எடை = 12 என்று எழுதினால் ஓடும். போன_மாதம் என்றால் நடுவில் அடிக்கோடு போட வேண்டும், அவ்வளவுதான்.

இனி சத்தம் போடாதவை.

அந்தப் பெண் இன்புட் வைத்து லோடு எடைகளைக் கேட்டு வாங்குகிறாள். 12 என்று தட்டுகிறாள், 15 என்று தட்டுகிறாள், கூட்டுகிறாள். விடை 1215. இன்புட் வழியாக வருவது எதுவானாலும் அது எழுத்துச் சரம், எண் இல்லை. "12" + "15" என்றால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டு என்று அர்த்தம். இது எல்லாப் பாடத்திலும் சொல்லப்படுவதுதான், 1215 டன் என்று பார்த்ததுமே தப்பு என்று தெரிந்தும்விடும். தெரியாமல் போவது இன்னொன்று. 9, 12, 11 என்று மூன்று லோடு. இதில் எது பெரியது என்று மேக்ஸ் வைத்துக் கேட்டால் விடை 9. சிவப்பு எழுத்து இல்லை, எச்சரிக்கை இல்லை. எழுத்துச் சரங்களை அகராதி வரிசையில் ஒப்பிடுவதால் "9" என்பது "1" என்று தொடங்கும் எதையும்விடப் பெரியது. 9 டன் என்பது நம்பக்கூடிய எண் வேறு. பட்டியல் இருபது லோடாக இருந்தால் யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

சரி, இன்ட் போட்டு எண்ணாக மாற்றிக்கொள்ளலாம் என்று கற்றுக்கொண்டாயிற்று. அடுத்து பாயிண்ட் கேட்கிறாள். 27.5 என்று தட்டுகிறாள். சிவப்பு எழுத்து. புள்ளி வைத்த சரத்தை இன்ட் ஏற்காது. செய்தியில் 'பத்தடிமான முழு எண்ணுக்கு இது செல்லாது' என்கிற மாதிரி ஏதோ இருக்கிறது, விளங்கவில்லை. யாரையாவது கேட்கிறாள், அல்லது ஏஐயைக் கேட்கிறாள். முதலில் ஃப்ளோட், அதன் மேல் இன்ட் போடு என்று ஒரு வழி கிடைக்கிறது. ஓடிவிட்டது! ஆனால் 27.5 இப்போது 27. இன்ட் அருகிலிருக்கும் எண்ணுக்கு மாற்றுவதில்லை, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிப் போடுகிறது. 27.9 என்றாலும் 27தான். பாயிண்ட்டை வைத்து விலை போடுகிற பொருளில் அரைப் பாயிண்ட் என்பது டன்னுக்கு டன் காசு. சத்தம் போட்ட பிழை ஒன்றைச் சத்தம் போடாத பிழையாக மாற்றியதுதான் இங்கே நடந்த திருத்தம்.

அடுத்தது ரேஞ்ச். ரேஞ்ச்(1, 12) என்றால் 1 முதல் 11 வரை. 12 வராது. எண்ணுவது பூஜ்யத்திலிருந்து, முடிவு எண் சேராது. இதற்குக் காரணம் உண்டு. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய ஒரு சிறு குறிப்பில் எண்ணிக்கை ஏன் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்று வாதாடியிருக்கிறார். பட்டியலின் எண்ணை வரிசை எண்ணாக நினைத்தால்தான் குழப்பம். சாலையோர மைல்கல் மாதிரி, தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று நினைத்தால் முதல் பொருளின் எண் பூஜ்யம் என்பது இயல்பாகத் தோன்றும். அது இருக்கட்டும். காமர்ஸ்காரர்களுக்கு இதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஏப்ரலை 1 என்று வைத்து ரேஞ்ச்(1, 12) என்று லூப் ஓட்டினால் விட்டுப்போகிற மாதம் மார்ச். ஆண்டு முடிவுச் சரிக்கட்டல்கள் எல்லாம் விழுகிற மாதம். வரவிலும் மார்ச் இல்லை, செலவிலும் மார்ச் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே லூப் என்பதால் எல்லாம் பொருந்தும். அசல் விடு பிழை.

இடைவெளியும் சில நேரம் சத்தம் போடாது. மொத்தத்தைத் திருப்பித் தருகிற ரிட்டர்ன் வரி லூப்புக்கு வெளியே இருக்க வேண்டும். நாலு ஸ்பேஸ் கூடுதலாகத் தட்டி அதை உள்ளே தள்ளிவிட்டால் இலக்கணப்படி அதுவும் சரி. முதல் லோடைக் கூட்டியதும் "மொத்தம்" என்று கொடுத்துவிட்டுப் போய்விடும். ஒரே ஒரு லோடை வைத்துச் சோதித்தால் விடை சரியாகவே இருக்கும்.

பட்டியல் நகல் எடுப்பது இன்னொரு பள்ளம். போன மாத வாடகைப் பட்டியல் கையில் இருக்கிறது. இந்த மாதம் ஒரு வண்டிக்கு மட்டும் வாடகை ஏறியிருக்கிறது. இந்த_மாதம் = போன_மாதம் என்று எழுதி, இந்த_மாதத்தில் அந்த ஒரு எண்ணை மாற்றுகிறாள். போன மாதமும் மாறிவிட்டது! சமக்குறி பட்டியலை நகல் எடுப்பதில்லை. ஒரே நோட்டுக்கு இரண்டாவது லேபிள் ஒட்டுகிறது. எந்த லேபிளைப் பார்த்து நோட்டைத் திறந்தாலும் உள்ளே அதே பக்கம்தான். ஜெராக்ஸ் வேண்டுமென்றால் 'காப்பி' என்று தனியாகக் கேட்க வேண்டும், பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் 'டீப்காப்பி'. எண்களில் இந்தத் தொல்லை தெரியாது. ஆகவே எண்களை வைத்துப் பழகியவர்கள் பட்டியலுக்கு வந்ததும் விழுகிறார்கள். முடிந்துபோன மாதத்தின் கணக்கு யாருக்கும் தெரியாமல் திருத்தப்படுவதற்குத் தணிக்கையில் என்ன பெயர் என்று பி.காம். மாணவிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது காசு. ஒரு தரம் தட்டிப் பார்க்கலாம்: 0.1 + 0.2. விடை 0.3 இல்லை, 0.30000000000000004. பத்துப் பைசாவைப் பத்து முறை லூப்பில் ஒவ்வொன்றாகக் கூட்டினால் ஒரு ரூபாய் வராது, 0.9999999999999999 வரும். (சம் என்ற உள்ளமைந்த கருவியில் கூட்டினால் 2023இல் வந்த 3.12 பதிப்பிலிருந்து 1.0 வருகிறது. அந்த ஒரு கருவியைச் செப்பனிட்டிருக்கிறார்கள், பள்ளம் அங்கேயே இருக்கிறது.) இது பைத்தானின் குற்றமில்லை. மூன்றில் ஒன்றைப் பத்தடிமானத்தில் எழுதப் போனால் 0.333 என்று முடிவில்லாமல் போவது மாதிரி, பத்தில் ஒன்றை ஈரடிமானத்தில் எழுதப் போனால் முடிவில்லாமல் போகும். ஏதோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். எக்செல்லிலும் உள்ளே இதேதான், திரையில் காட்டும்போது சுருக்கிக் காட்டுவதால் கண்ணில் படுவதில்லை.

பற்று மொத்தமும் வரவு மொத்தமும் சமமா என்று இரட்டைச் சமக்குறி போட்டுக் கேட்கிற நிரல் இப்படித்தான் சரியான கணக்கைத் தப்பு என்று சொல்கிறது. உடனே வகுப்பில் ஒருவர் 'ரவுண்ட் போட்டுவிடு' என்பார். அங்கேதான் அடுத்த பள்ளம், இருப்பதிலேயே ஆழமானது.

ஒரு பில் 1250 ரூபாய், வரி 5 சதவீதம். வரி 62.50. பைத்தானின் ரவுண்டில் போட்டால் 62. அடுத்த பில் 1350 ரூபாய், வரி 67.50. ரவுண்டில் போட்டால் 68. ஒன்று இறங்குகிறது, ஒன்று ஏறுகிறது! சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோவதுதான் பைத்தான் 3இன் ரவுண்ட். 62 இரட்டை, 68 இரட்டை. இதை வங்கியாளர் முறை என்பார்கள். ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது எப்போதும் மேலே தள்ளினால் மொத்தம் வீங்கிவிடும், பாதியை மேலும் பாதியைக் கீழும் தள்ளினால் ஒன்றுக்கொன்று ஈடாகும் என்பது கணக்கு. தெரிந்தே வைத்த ஈடுசெய் பிழை என்று சொல்லலாம். புள்ளியியலுக்கு நல்ல முறைதான்.

ஆனால் சட்டம் வேறு. மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் 2017, பிரிவு 170. ஐம்பது பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக ஏற்ற வேண்டும், அதற்குக் கீழே இருந்தால் விட்டுவிட வேண்டும். 62.50 என்றால் 63தான். நிரல் எழுதியவர் 1350க்கு மட்டும் சோதித்துப் பார்த்திருந்தால் 68 வந்திருக்கும், 'ஆஹா சரி' என்று போயிருப்பார். இங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்குப் பைத்தான் தெரியும், பிரிவு 170 தெரியாது. பி.காம். மாணவிக்குப் பிரிவு 170 தெரியும், ரவுண்ட் என்றால் ரவுண்ட்தானே என்று நம்பிவிடுகிறாள். அந்த நம்பிக்கையை விட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

வழி இரண்டு. எல்லாவற்றையும் பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொள்வது, 62.50 என்பது 6250. அல்லது டெசிமல் என்ற தொகுப்பைக் கொண்டுவந்து, பாதியை மேலே ஏற்று என்று வெளிப்படையாகச் சொல்வது. டெசிமலுக்கு எண்ணைக் கொடுக்கும்போது மேற்கோளுக்குள் "0.1" என்று கொடுக்க வேண்டும். மேற்கோள் இல்லாமல் கொடுத்தால் ஏற்கெனவே பழுதான எண்தான் உள்ளே போகும். புத்தகங்கள் இதை மூன்றாவது பின்னிணைப்பில் சொல்கின்றன. காசுக் கணக்கு போட வருபவர்களுக்கு முதல் வாரமே சொல்ல வேண்டிய விஷயம் இது.

தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்கென்று தனிப் பள்ளங்களும் உண்டு. "கள்ளக்குறிச்சி" என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் 14 என்கிறது. விரல் விட்டு எண்ணினால் எட்டு: க, ள், ள, க், கு, றி, ச், சி. யூனிகோடில் புள்ளி தனி, உகரக் கொக்கி தனி, இகரக் கொக்கி தனி. பைத்தான் எண்ணுவது அந்தத் துண்டுகளை. முதல் மூன்று எழுத்தை வெட்டி எடு என்றால் 'கள்' வரும் (மது ஒழிப்புக்காரர்கள் கவனிக்க). அகர வரிசைப்படுத்தச் சொன்னால் 'கள்ளக்குறிச்சி' முன்னாலும் 'கழனி' பின்னாலும் வரும். தமிழ் நெடுங்கணக்கில் ழகரத்துக்குப் பிறகுதான் ளகரம், யூனிகோடு எண்ணில் ளகரம் முந்தி. ஓபன்-தமிழ் என்ற இலவசத் தொகுப்பை நிறுவிக்கொண்டால் எழுத்துகளை எழுத்தாகவே பிரித்துத் தரும். அதுவும் எழில் செய்தவர்களின் முயற்சியில் வந்ததுதான். ஒரு வேடிக்கை: "௨௦௧௯" என்ற தமிழ் எண் சரத்தை இன்ட்டுக்குக் கொடுத்தால் மறுபேச்சு இல்லாமல் 2019 என்று மாற்றித் தருகிறது.

கோப்பைத் திறக்கும்போது வருகிற கதை இன்னும் ருசி. மலைப் பொருட்களின் பட்டியலைத் தமிழில் சிஎஸ்வியாக வைத்திருக்கிறாள்: சாமை, தேன், கடுக்காய். கல்லூரி லேபில், விண்டோஸ் கணினியில், குறியாக்கம் எதுவென்று சொல்லாமல் வெறுமனே ஓபன் என்று எழுதித் திறந்தால் பல கணினிகளில் பைத்தான் பழைய மேற்கத்தியக் குறியாக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளும். அந்தக் குறியாக்கத்தில் ஐந்து இடங்கள் காலி. தமிழின் மெய்ப்புள்ளி யூடிஎஃப்-8இல் சரியாக அந்தக் காலி இடங்களில் ஒன்றில் விழுகிறது, உகரக் கொக்கி இன்னொன்றில். அதனால் 'தேன்' வந்தாலும் 'கடுக்காய்' வந்தாலும் நிரல் கத்திக்கொண்டு நின்றுவிடும். 'சாமை'யில் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை. ஆகவே சாமை மட்டுமே இருக்கும் கோப்பு சத்தமில்லாமல் திறந்து, பூச்சி பூச்சியாகக் குறிகளைக் கொட்டும். அதை அப்படியே இன்னொரு கோப்பில் சேமித்தும்விடும். திறக்கிற வரியில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சேர்த்தால் மூன்றும் ஒழுங்காக வரும். திரும்ப எக்செல்லில் திறக்க வேண்டியிருந்தால் எழுதும்போது யூடிஎஃப்-8-சிக் என்று கொடுப்பது நல்லது.

தன் ஃபைலுக்கே 'ரேண்டம்' என்றோ 'சிஎஸ்வி' என்றோ பெயர் வைத்துவிட்டு, அதே பெயர்த் தொகுப்பை இம்போர்ட் செய்து, பைத்தான் இவள் ஃபைலையே எடுத்துக்கொண்டு வந்து நிற்பதும் வழக்கமாக நடப்பதுதான். 2024இல் வந்த 3.13 பதிப்பு 'பெயரை மாற்றிப் பார்' என்று சொல்லியே விடுகிறது.

இத்தனையும் சேர்ந்தால்கூட ஒரு பழக்கத்துக்கு ஈடாகாது. சிவப்பு எழுத்துத் தொல்லை தாங்காமல் யாரோ கற்றுக்கொடுப்பார்கள்: எல்லாவற்றையும் ட்ரைக்குள் போடு, கீழே எக்செப்ட் போடு, அதற்குள் பாஸ் என்று எழுது. அதன் பிறகு சிவப்பு எழுத்தே வராது. எந்த வரியில் பிழை வந்தாலும் அதைப் பேசாமல் தாண்டிப் போ என்று அர்த்தம். இருபது லோடில் ஒன்றின் எடையை "12 டன்" என்று எழுத்தோடு தட்டியிருந்தால் அந்த ஒரு லோடு மட்டும் மொத்தத்தில் சேராது. யாரும் சொல்லமாட்டார்கள். இருப்பாய்வு பொருந்தவில்லை என்றதும் வித்தியாசத் தொகையை அனாமத்துக் கணக்கில் எழுதி மூடிவைப்பது மாதிரி. அனாமத்துக் கணக்குக்காவது பேரேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது, என்றைக்காவது யாராவது திறந்து கேட்பார்கள். எக்செப்ட் பாஸுக்கு அந்தப் பக்கமும் கிடையாது. எந்தப் பிழை வரும் என்று தெரிந்து, அதன் பெயரைச் சொல்லி, எந்த வரியில் வந்தது என்று எழுதிவைத்தால் எக்செப்ட் நல்ல கருவி. வாயை அடைப்பதற்கு என்றால் வேண்டவே வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு உதவக்கூடியது புது வகுப்பு எதுவும் இல்லை. வீட்டில் அப்பா கைப்பட எழுதிய பழைய கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். போன வருடம் முடிந்துபோன லோடுகள், தீர்த்துக்கொண்ட தொகைகள். அதிலிருந்து நாலு வரியை எடுத்து நிரலுக்குக் கொடுத்து, நோட்டில் இருக்கும் விடையே வருகிறதா என்று பார்க்கலாம். பூஜ்யம் எடை, ஒரே லோடு, அரைப் பாயிண்ட், மார்ச் மாதம் என்று இடக்கான வரிகளாகப் பார்த்து எடுக்க வேண்டும். பைத்தானில் அசர்ட் என்று ஒரு சொல் இருக்கிறது, அந்த 35இல் ஒன்று. இந்த எண்ணைக் கொடுத்தால் இந்த விடைதான் வர வேண்டும், வராவிட்டால் கத்து என்று சொல்லிவைக்கலாம். வரிக் கணக்கு என்றால் தொடக்கத்தில் இரண்டு அசர்ட் போதும். 1350க்கு 68. 1250க்கு 63.